இலக்குக்கு முன்னால் வருஷத்தை எழுதுங்கள்

எங்கள் மகளிர் குழுவின் ஜனவரி மாதக் கூட்டம் மற்ற மாதங்களைப் போல் சீக்கிரம் முடியாது. சந்தா வரவு, உள்கடன் தவணை எல்லாம் நோட்டில் ஏறிய பிறகு, இந்த வருஷம் தனக்கு என்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மகளுக்கு, வீட்டுக்காரருக்கு என்று யாராவது ஆரம்பித்தால், "அது இருக்கட்டும் மதினி, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று பக்கத்தில் இருப்பவள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லச் சிலருக்கு வெகுநேரம் ஆகும். சொன்னதை எழுதுவது ஊக்குநரான என் வேலை.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம், கன்னடியன் கால்வாய் ஓரம் எங்கள் தெரு. அப்பளம் போடுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், தையல் மிஷின் வைத்திருப்பவர்கள் என்று கலந்து இருக்கிறோம். குழுவில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், புது வருஷத் திட்டம் பற்றிப் போனில் வருகிற வீடியோக்கள் அநேகமாகச் சம்பளக்காரர்களை மனதில் வைத்தே பேசுகின்றன. ஒன்றாம் தேதி பணம் வந்ததும் ஒரு பங்கை எடுத்து வை என்கிறார்கள். மாதத்துக்கு மாதம் வரவு மாறுகிற வீட்டில் அதை எப்படிச் செய்வது? பல ஜனவரிகளில் எழுதிப் பார்த்து, திருத்தி, எங்களுக்கென்று ஒரு முறை பிடிபட்டிருக்கிறது. இலக்கை எழுதுவதற்கு முன்னால் வருஷத்தை எழுதுவதுதான் அது.

இது எங்களுக்கு எப்படி வந்தது என்றால், அப்பளம் போடுகிற அக்கா ஒருவர் மாவு பிசைகிற மிஷின் வாங்க ஆசைப்பட்டார். உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் சேர்த்து, பிரண்டை அப்பளம் என்றால் பிரண்டைச் சாறும் விட்டு, கெட்டியாகப் பிசைந்து உலக்கையால் இடிக்க வேண்டும். இழுத்தால் அறுபடாமல் வருகிற பதம் வரும்வரை இடி ஓயாது. அந்த வேலையில் அவருக்குத் தோள்பட்டை வலி நிரந்தரமாகிவிட்டது. மாவு மட்டும் மிஷினில் பிசைந்து வந்துவிட்டால் போதும், உருட்டி, நூலால் வில்லை வில்லையாக அறுத்து, தேய்த்து, வேட்டித் துணியில் பரப்புகிற மற்ற வேலையெல்லாம் அவருக்கு லேசு. விசாரித்த இடத்தில் விலை 36,000 ரூபாய் சொன்னார்கள். பி.காம். படித்த தங்கச்சி ஒருத்தி உடனே பன்னிரண்டால் வகுத்து, மாதம் 3,000 என்றாள். எழுதப் போன என்னைக் குழுவிலேயே மூத்தவரான ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏட்டி, கார்த்திகை மாசத்து மூவாயிரத்துக்கு வெயிலை யாரு கொண்டாருவா?"

நியாயமான கேள்வி. அப்பளத் தொழிலுக்கு முதலே வெயில்தான். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பரப்பிய அப்பளம் காயாது, ஈரத்தோடு எடுத்து வைத்தால் பூசணம் பிடிக்கும். ஆனி, ஆடியிலும் மேற்கே மலையில் சாரல் விழுகிற நாட்களில் இங்கேயும் மூட்டம் போட்டுவிடும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசிதான் அந்த அக்காவுக்குக் கை நிறைய வேலை. அவருடைய வருஷத்தில் எல்லா மாதமும் ஒரே எடை கிடையாது. பன்னிரண்டால் வகுக்கிற கணக்கு காகிதத்தில் சரியாக வரும், ஐப்பசியில் உடைந்துவிடும். உடைந்த பிறகு, "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று விட்டுவிடுவோம். இலக்கில் குற்றம் எதுவும் இருக்காது, ஆனால் பழி அதன் மேல்தான் விழும்.

அன்றைக்கே மளிகைக் கடை அண்ணாச்சி கொடுத்த மாதக் காலண்டரை இறக்கிக் கீழே விரித்தோம். அமாவாசை, பௌர்ணமி, முகூர்த்த நாள் எல்லாம் அச்சடித்த சாதாரணக் காலண்டர்தான். இலக்கு எதையும் எழுதாமல், வருகிற வருஷத்தில் நிச்சயமாக வரப்போகிறவற்றை மட்டும் சிவப்புப் பேனாவால் எழுதினோம். நீங்களும் செய்து பாருங்கள், ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதான். எழுதி முடித்ததும் உங்கள் வருஷம் உங்களுக்கே புதிதாகத் தெரியும்.

எங்கள் காலண்டரில் ஏறியவற்றைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடி கிடைக்கும். தையில் பொங்கல், வீட்டில் சின்னப் பெண் இருந்தால் சிறுவீட்டுப் பொங்கலும் உண்டு. மார்ச் 31 நிதியாண்டுக் கணக்கு முடிகிற நாள், மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதற்குள் அந்த வருஷத்துக்கான குறைந்தபட்சம் 250 ரூபாயையாவது கட்டியாக வேண்டும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும், எந்த ஊரில் வேலை பார்க்கிற நெல்லைக்காரரும் குலதெய்வத்தை விடமாட்டார். குடும்பத்தோடு வேன் பிடித்தால் அந்தச் செலவு பெரிசு. சித்திரை, வைகாசியில் கல்யாணமும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவும். கொடைக்கு வீட்டு வரி, விருந்தாட்கள், புதுத்துணி மூன்றும் சேர்ந்து வரும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். அப்புறம் தீபாவளி, அதைத் தொட்டு மழை.

இதோடு வேலையின் பருவத்தையும் எழுத வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இது கைவசம் இருக்கிற அட்டவணை. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூனில் கார் நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கார் அறுப்பு. மழையோடு பிசானம் என்கிற அடுத்த நெல் சாகுபடி தொடங்கி, மாசி பங்குனியில் அறுப்பு. நடவுக்குப் போகிறவர்களுக்குக் கையில் காசு புழங்குகிற மாதங்கள் இதிலிருந்து வந்துவிடும். பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் கார் தவறும், அதனால் அந்த மாதங்களைப் பென்சிலால் எழுதச் சொல்வேன்.

சிவப்பு எல்லாம் ஏறிய பிறகுதான் அப்பள அக்காவின் 36,000 ரூபாயைக் கையில் எடுத்தோம். ஜனவரியில் பொங்கல் செலவு போக 2,000. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 6,000 வீதம் 24,000. கொடை, கல்யாணச் செலவெல்லாம் அந்த மாதங்களில் இருந்தாலும், வெயில் வரவு அதைத் தாங்கும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். ஜூனில் ஒன்றும் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் மாதம் 3,000 வீதம் 9,000. அக்டோபரில் 1,000. நவம்பர், டிசம்பரை அடியோடு விட்டுவிட்டோம். கூட்டினால் அதே 36,000. மே மாத முடிவிலேயே 26,000 சேர்ந்துவிடும் என்று பார்த்ததும் அவர் முகத்தில் வந்த தெளிவை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். மாதம் 3,000 என்று கேட்டபோது அவருக்கு அது பாரமாக இருந்தது. மாசியில் 6,000 என்றபோது, "அது முடியும்மா" என்றார்.

மிஷின் தீபாவளிக்கு முன்பே வந்தது. இடையில் ஒரு மாதம் பேரன் காய்ச்சலில் படுத்ததால் தொகை குறைந்தது, அதைக் குழுவில் உள்கடனாக வாங்கி நிரப்பினார்.

பணத்தை எங்கே வைப்பது என்பதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊரில் சேமிப்பு என்றதும் தபால் ஆபீஸ் ஆர்.டி., அதாவது மாதா மாதம் ஒரே தொகை கட்டுகிற தொடர் வைப்புதான் எல்லார் வாயிலும் வரும். நல்ல திட்டம், மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அதன் காலம் 5 வருஷம். 3 வருஷம் முடியுமுன் முடித்துக்கொள்ள முடியாது, அதற்குப் பிறகு இடையில் முடித்தாலும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஒரு வருஷம் கழித்து, கட்டிய தொகையில் பாதி வரை கடன் வாங்க வழி உண்டு. மகளின் கல்லூரிச் செலவு மாதிரி தூரத்தில் இருக்கிற தேவைக்கு அது பொருத்தம். இந்த வருஷமே வாங்க வேண்டிய மிஷினுக்குப் பொருத்தம் இல்லை. ஒரு வருஷ ஆர்.டி. வங்கியில் போடலாம், ஆனால் மாதா மாதம் ஒரே தொகை கட்ட வேண்டும். அதனால் வரவு ஏறி இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: எந்த மாதமும் தவறாது என்கிற சின்னத் தொகைக்கு மட்டும் ஆர்.டி., மிச்சத்தை வீட்டுச் செலவுக்குத் தொடாத இன்னொரு சேமிப்புக் கணக்கில். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை வீட்டில் வைக்காமல் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிற உறுப்பினரும் எங்களிடம் உண்டு. அது அவருக்கு உதவுகிறது.

எல்லாருடைய காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அப்பளம் போடுகிறவருக்கு ஐப்பசி, கார்த்திகையில் கை வறண்டிருக்கும். அதே மாதங்களில் பிசான நடவுக்குப் போகிற பெண்ணுக்குக் கூலி வரும். நடவுக்காரருக்குச் சித்திரையில் வேலை இல்லை, அப்பளக்காரருக்கு அப்போதுதான் அடைமழையாக வரவு. பீடி சுற்றுகிறவர்களுக்கு வாரக்கூலி சிறுகச் சிறுக வருஷம் முழுக்க வரும். ஒரே குழுவில் இத்தனை விதமான வருஷங்கள் இருப்பது பெரிய பலம். அதிலிருந்து உள்கடன் தவணையை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்காமல், அவரவருக்கு வரவு வருகிற மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் வட்டி மட்டுமாகவும் கட்டலாம் என்று தீர்மானம் போட்டோம். உள்கடனைப் பொறுத்தவரை இந்தச் சுதந்திரம் குழுவுக்கு உண்டு. வங்கிக் கடன் அப்படி இல்லை, அதன் தவணை தேதிப்படிதான் போக வேண்டும். ஆகவே வங்கித் தவணையும் சிவப்புப் பேனாவில் ஏற வேண்டிய விஷயம். வாரத் தவணைக்குக் கடன் தருகிறவர்கள் வாசலில் வந்து நிற்கிற ஊர் இது. கார்த்திகையில் கையில் காசில்லாதபோதுதான் அந்தக் கடன் வீட்டுக்குள் நுழையும். ஜனவரியிலேயே கார்த்திகையைக் கண்ணால் பார்த்து வைத்தவருக்கு அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. இந்த முறையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவே போதுமான காரணம்.

பணம் இல்லாத இலக்குகளுக்கு வேறு விதமான கவனம் தேவை. பீடி சுற்றுகிற அக்காவின் மகள் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுத ஆசைப்பட்டாள். கூட்டத்துக்கு வந்து, "இந்த வருஷம் பாஸ் பண்ணி வேலைக்குப் போயிரணும்" என்றாள். ஆசை நல்ல ஆசை. ஆனால் எத்தனை காலியிடம் அறிவிப்பார்கள், எத்தனை பேர் எழுதுவார்கள், கட்ஆஃப் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவள் கையில் இல்லை. அவள் கையில் இருப்பதை மட்டும் பிரித்து எடுத்தோம். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மீதியில் பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழுக்கு அடிப்படை பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான், அவை தெருவிலேயே கிடைக்கும்.

தேர்வு எப்போது என்பதற்கு டி.என்.பி.எஸ்.சி. வெளியிடுகிற ஆண்டு அட்டவணை இருக்கிறது. 2024இல் ஜூன் 9, 2025இல் ஜூலை 12 அன்று குரூப் 4 நடந்தது. அட்டவணையில் வந்த தேதியை முதலில் காலண்டரில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி வந்தோம். கடைசி ஒன்றரை மாதம் பழைய கேள்வித்தாள்களை மணி பார்த்து எழுதுவதற்கு. அதற்கு முந்தைய மாதம் திருப்புதல். மிச்சம் இருக்கிற மாதங்களை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிரித்தால், ஒரு வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துக்கு எத்தனை நாள் என்று வந்துவிட்டது. இப்போது அவள் இலக்கு "பாஸ் பண்ணணும்" என்று நோட்டில் இல்லை. "பொங்கல் கழிந்து மாசி பிறப்பதற்குள் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புத் தமிழ்" என்று இருக்கிறது. முடிந்ததா இல்லையா என்று யார் கேட்டாலும் சொல்ல முடியும்.

அவளுக்கு இருந்த நிஜமான தடை நேரம். அம்மாவோடு உட்கார்ந்து அவளும் பீடி சுற்றுகிறாள். சுற்றிய பீடிகளின் எண்ணிக்கையை எண்ணம் என்போம், அது ஆயிரம் ஆயிரமாகத் தேறினால்தான் வாரக்கூலி நிறையும். "இவ உக்காந்து படிச்சா எண்ணம் கொறையும்லா" என்றார் அம்மா. அதை மறைக்காமல் பேச வேண்டியிருந்தது. எத்தனை எண்ணம் குறையும், வாரத்துக்கு எவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையைத் தேர்வு முடிகிற வரை ஆகும் செலவாக வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டார்கள். மாலை விளக்கு வைத்த பிறகு பீடித் தட்டை அவள் தொட வேண்டாம் என்று முடிவானது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், தன்னார்வப் பயிலும் வட்டம் என்று பெயர். திருநெல்வேலி வரை பஸ் செலவு உண்டுதான், ஆனால் தனியார் மையத்தின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்புக்கொள்ளுதல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது அந்த வீட்டுப் பெண்ணின் இலக்குதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. மற்ற செலவுகளுக்கெல்லாம் பெயரும் தேதியும் இருக்கும், இவளுடையது அவள் மனசுக்குள் மட்டும் இருக்கும். மனசுக்குள் இருப்பதை யாருக்கும் கணக்கில் எடுக்கத் தெரியாது. அதனால் எழுதிய காலண்டரைப் பீரோவுக்குள் வைக்காமல் அடுப்படிச் சுவரில், மாமியாரும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தினம் பார்க்கிற இடத்தில் மாட்டச் சொல்கிறோம். கொடை வரிக்குப் பக்கத்திலேயே "மிஷின் 6,000" என்று பச்சைப் பேனாவில் இருந்தால், அதுவும் வீட்டுச் செலவில் ஒன்றாகிவிடுகிறது. ஒரு வீட்டில் பிப்ரவரி முடிவில் கணவரே, "பச்சையில எழுதுனதைக் கட்டிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் நிறைவு தந்த செய்தி அது.

உடம்பு சம்பந்தமான இலக்குகள் வேறு ரகம். எங்கள் பக்கம் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. மாத்திரையை 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், நடையை நாம்தான் நடக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் வேகமான நடை என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. அதாவது தினம் அரை மணி வீதம் ஐந்து நாள். "இந்த வருஷம் நடக்கணும்" என்று எழுதினால் நடக்காது. "காலையில் பால் காய்ச்சி இறக்கியதும், கால்வாய்க் கரையில் பாலம் வரை போய்த் திரும்புவது, பக்கத்து வீட்டுச் சித்தியோடு" என்று எழுதினால் நடக்கும். எந்த வேலை முடிந்ததும், எந்த இடத்தில், யாரோடு என்கிற மூன்றும் அதில் வந்துவிடுகிறது. மழை நாளுக்கு ஒரு மாற்றும் அங்கேயே எழுத வேண்டும். எங்களுக்குக் கோயில் மண்டபம் இருக்கிறது, கால்வாய்க் கரை வழுக்கினால் அங்கே சுற்றுவோம்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். பாளையங்கோட்டையில் உளவியல் படிக்கிற என் மகள் அதை மறுத்தாள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று வந்திருக்கிறது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்திருக்கிறார்கள். அதில் எனக்கு உபயோகமாகப் பட்ட இன்னொரு விஷயம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பது. ஒரு நாள் தவறியதும் "போச்சு" என்று நிறுத்திவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. தையில் தொடங்கினால் பங்குனியிலோ சித்திரையிலோதான் அது கைவசமாகும் என்று எதிர்பார்த்துத் தொடங்குங்கள்.

சித்திரை எங்களுக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். வருஷத்தை மறுபடி பார்க்கிற முதல் நாளை சித்திரை விசு என்கிற தமிழ் வருஷப் பிறப்பை ஒட்டி வைத்திருக்கிறோம். அன்று காலையில் கனி கண்டு, கோயிலுக்குப் போய் வந்தால், அந்த வார இறுதியில் காலண்டரை இறக்கிவிடுவோம். பங்குனி உத்திரச் செலவு முடிந்திருக்கும், மார்ச் கணக்கும் முடிந்திருக்கும். சர்க்கரைக்காரர்கள் ஜனவரியில் எடுத்த மூன்று மாதச் சராசரி ரத்தப் பரிசோதனையை அடுத்த தடவை எடுக்கவும் சரியான சமயம் அதுதான். அடுத்த பார்வை ஆடி கழிந்ததும், கடைசிப் பார்வை தீபாவளிக்கு முன்னால். தீபாவளிக்குப் பிறகு வைத்தால் மழையும் செலவும் சேர்ந்து யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்தக் கூட்டங்களில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்பதில்லை என்று வைத்திருக்கிறோம். அப்படிக் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் வரமாட்டாள். "எது குறுக்கே வந்தது?" என்று கேட்போம். மாமனாருக்கு ஆஸ்பத்திரி என்பாள், தையல் ஆர்டர் வரவில்லை என்பாள். குறுக்கே வந்தது ஒரு தடவை வருகிறதா, வருஷா வருஷம் வருகிறதா என்று பார்ப்போம். வருஷா வருஷம் வருவதென்றால் அது அடுத்த காலண்டரில் சிவப்பில் ஏற வேண்டியது. ஒரு தடவை வருவதென்றால் தேதியைத் தள்ளுவோம், இல்லை தொகையைக் குறைப்போம். மூன்று பார்வையிலும் ஒருவர் தன் இலக்கைத் தொடவே இல்லையென்றால், அது நிஜமாகவே அவருக்கு வேண்டியதுதானா என்று தனியாகப் பேசுவேன். தையல் பழக வேண்டும் என்று எழுதியிருந்த ஒருத்தி, அது தன் அண்ணனின் ஆசை என்றாள். அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக அவள் வண்டி ஓட்டப் பழகினாள். இப்போது குழு வேலையாக அம்பாசமுத்திரத்துக்கு வங்கிக்குப் போய் வருவது அவள்தான்.

எவ்வளவு எழுதினாலும் எழுத்துக்குள் அடங்காத வருஷமும் வரும். 2023 டிசம்பர் 17, 18இல் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்து ஆள் யாரும் மறக்க மாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறிப் போனது. எங்கள் உறுப்பினர் வீடுகளிலும் தண்ணீர் ஏறி, உளுந்து மூட்டையும் பீடி இலையும் நனைந்து, ஒரு தையல் மிஷின் மோட்டார் போயிற்று. அடுத்த ஜனவரிக் கூட்டத்தில் புது இலக்கு எதையும் எழுதச் சொல்லவில்லை. இழந்ததை மீட்டு எடுப்பதுதான் எல்லாருக்கும் அந்த வருஷத்தின் முதல் பாதிக்கான இலக்கு என்று எழுதினோம். விட்டுப்போன பழைய இலக்குகளை ஆடிக்கு மேல் தள்ளினோம். அன்றிலிருந்து இரண்டு விஷயம் நிலையாகிவிட்டது. எந்த இலக்கின் கடைசித் தேதியும் புரட்டாசியைத் தாண்டக் கூடாது, மழைக்காலம் காலியாகவே இருக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரமான இடத்தில் ஏற வேண்டும். இதுவும் காலண்டரில் சிவப்பில் இருக்கிறது.

ஒருவருக்கு எத்தனை இலக்கு என்று கேட்பார்கள். பணத்தில் ஒன்று, உடம்புக்கோ படிப்புக்கோ ஒன்று. அதற்கு மேல் எழுத நான் விடுவதில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, முதியவர்களையும் கவனிக்கிற பெண்ணிடம் ஐந்து இலக்கு கேட்பது அவள் மேல் இன்னும் ஐந்து வேலையை ஏற்றுவதுதான். நிறைய எழுதினால்தான் முன்னேற்றம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஜனவரி போய்விட்டதே என்று நினைப்பவர்கள் சித்திரை ஒன்றுக்குத் தொடங்கலாம். அதற்கு முந்தின வாரம் காலண்டரை இறக்கி, சித்திரை முதல் அடுத்த பங்குனி வரை சிவப்பை எழுதி முடித்துவிடுங்கள். வீட்டில் பத்து வயதுக்குக் கீழ் பெண் குழந்தை இருந்து செல்வமகள் கணக்கு இன்னும் தொடங்கவில்லையென்றால், தபால் ஆபீசுக்குப் போகிற நாளையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதாரும் பான் கார்டும் கையில் இருக்கட்டும். பான் கார்டு இல்லாதவர்கள் அதை எடுப்பதையே முதல் மாதத்து வேலையாகப் பச்சையில் எழுதிவிடுங்கள்.